சிக்கிக்கொண்ட பக்கத்திலிருந்தே தொடங்குங்கள்: கிளவுட் மென்பொருள் ஆவணங்களில் முதல் பங்களிப்பு

குபர்நெட்டிஸ், ஓப்பன்ஸ்டாக், ப்ரோமீதியஸ் என்று கிளவுட் சர்வர்களை நடத்தவும் கண்காணிக்கவும் உதவும் மென்பொருள் ஏதோ ஒன்றை நிறுவலாம் என உட்கார்ந்து, ஆவணத்தில் சொன்னதை வரி பிசகாமல் செய்துகொண்டே வந்து, நான்காவது படியில் பிழைச் செய்தி வந்து நின்று, அப்புறம் இரண்டு மணி நேரம் எங்கெங்கோ தேடி ஒருவழியாகச் சரிசெய்திருப்பீர்கள். சரியான கையோடு டேபை மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம், எல்லோரும் செய்வது அதுதான். மூடாதீர்கள். ஓப்பன் சோர்ஸில், அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளில், எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: கடைசியாக எந்தப் பக்கத்தில் சிக்கிக்கொண்டீர்களோ, அதைத் திரும்பத் திறங்கள்.

அந்த மென்பொருளை ஐந்து வருடமாக எழுதிக்கொண்டிருப்பவர் அதே பக்கத்தைப் படித்தால் விடுபட்ட படி அவர் கண்ணில் படாது, அவர் மனதே அதை நிரப்பிக்கொண்டு தாண்டிப் போய்விடும். பள்ளம் எங்கே இருக்கிறது என்பது இப்போதுதான் விழுந்து எழுந்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவும் நெடுநாள் தங்காது. ஒரு வாரம் பழகினால் உங்களுக்கும் அது சாதாரணமாகிவிடும், எங்கே தடுமாறினோம் என்பதே மறந்துவிடும். அதனால் எதையாவது புதிதாக நிறுவும்போது பக்கத்தில் ஒரு குறிப்புக் கோப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம், எத்தனையாவது படி, என்ன பிழை வந்தது, உங்களிடம் இருந்த பதிப்பு எது, கடைசியில் எதைச் செய்ததும் சரியானது. இந்த ஐந்தும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

என் முதல் திருத்தம் ஒரே ஒரு வரி. ஒரு சின்னத் திட்டத்தின் நிறுவல் வழிகாட்டியில், தரவுத்தளக் கடவுச்சொல்லைக் குபர்நெட்டிஸ் சீக்ரெட்டாக, அதாவது ரகசிய மதிப்புகளுக்கென்று இருக்கும் பொருளாக, வைக்கச் சொல்லியிருந்தார்கள். சீக்ரெட்டின் தரவுப் பகுதியில் மதிப்புகளைப் பேஸ்64 என்ற எழுத்துக்குறி வடிவத்துக்கு மாற்றித்தான் எழுத வேண்டும், அதற்கு, கொடுத்த சொல்லை அப்படியே அச்சிடும் எக்கோ கட்டளையின் வெளியீட்டைப் பேஸ்64 கட்டளைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. செய்தேன். எல்லாம் பச்சையாக இருந்தது, ஆனால் செயலி தரவுத்தளத்துக்குள் நுழையவே இல்லை, கடவுச்சொல் தவறு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. திரும்ப அவிழ்த்துப் பார்த்தால் திரையில் சரியான சொல்தான் தெரிகிறது! அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால், எக்கோ தன் வெளியீட்டின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத புதுவரிக் குறி ஒன்றைச் சேர்க்கிறது, அதுவும் சேர்ந்தே பேஸ்64 ஆகியிருக்கிறது. ஆங்கிலத்தில் அட்மின் என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மட்டும் மாற்றினால் எட்டு குறிகள் வரும், அதில் கடைசி ஒன்று சமக்குறி. புதுவரி ஒட்டிக்கொண்டால் அந்தச் சமக்குறி இருந்த இடத்தில் ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான், அதற்கு அரை நாள்.

புதுவரியைச் சேர்க்காதே என்று எக்கோவுக்குச் சொல்லும் சின்ன விருப்பக்குறி ஒன்று இருக்கிறது, அதைச் சேர்த்து, என் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட் ஒன்றை அனுப்பினேன். ரிவ்யூ செய்தவர் ஒரு கேள்வி கேட்டார்: இந்த விருப்பக்குறி எல்லா ஷெல்லிலும் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஒரே மாதிரி வேலை செய்யாதே, சிலவற்றில் அந்தக் குறியையே அச்சிட்டுவிடுமே, அதற்குப் பதில் பிரிண்ட்எஃப் கட்டளை போடலாமா? மேக் கணினி ஒன்றின் அடிப்படை ஷெல்லில் ஓட்டிப் பார்த்தேன், அவர் சொன்னது அப்படியே நடந்தது. மாற்றினேன், மெர்ஜ் ஆனது, அதாவது மூல ஆவணத்தில் சேர்ந்துவிட்டது. ஒரு வரி திருத்தப் போய் எக்கோவைப் பற்றி அதுவரை தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு வந்தேன். ஆவண வேலையை நான் இன்னும் விடாமல் செய்வதற்கு இந்த அனுபவம்தான் முக்கியக் காரணம்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

மூலக் கோப்பு எங்கே இருக்கிறது?

பெரும்பாலான கிளவுட் திட்டங்களில் ஆவணமும் நிரலைப் போலவே கிட் என்ற பதிப்புக் கருவியின் களஞ்சியத்தில்தான் இருக்கிறது. குபர்நெட்டிஸ் ஆவணப் பக்கம் எதையாவது திறந்தால் ஓரத்தில் பக்கத்தைத் திருத்துவதற்கு ஓர் இணைப்பும், இஷ்யூ, அதாவது பிழைப் புகார், பதிவதற்கு ஓர் இணைப்பும் இருக்கும். முதலாவதை அழுத்தினால் கிட் களஞ்சியங்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் அந்தப் பக்கத்தின் மார்க்டவுன் (எளிய குறியீட்டு உரை) கோப்புக்கே நேராகக் கொண்டுபோய்விடும். பக்கத்தின் அடியில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்றும் இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள், போன வாரம்தான் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்றால் உங்கள் பிழை ஏற்கெனவே சரியாகியிருக்கலாம். அதோடு, நீங்கள் படித்தது பழைய பதிப்பின் ஆவணமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேடுபொறி வழியாக வந்தால் பல நேரம் பழைய பதிப்பில்தான் போய் இறங்குவோம்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குபர்நெட்டிஸின் ஏபிஐ குறிப்புப் பக்கங்களும் கியூப்சிடிஎல் கட்டளைக் குறிப்புகளும் மனிதர்கள் உட்கார்ந்து எழுதியவை அல்ல, நிரலுக்குள் இருக்கும் விளக்கங்களிலிருந்து கருவி உருவாக்கியவை. அவற்றை ஆவணக் களஞ்சியத்தில் நேரடியாகத் திருத்தினால் அடுத்த வெளியீட்டில் கருவி மறுபடி ஓடும்போது உங்கள் திருத்தம் துடைத்துப் போய்விடும். அந்த விளக்கத்தை நிரல் களஞ்சியத்திலேயே திருத்த வேண்டும், அதை ரிவ்யூ செய்பவர்களும் வேறு குழுவினர். முதல் பங்களிப்புக்கு இந்த வகைப் பக்கங்களை விட்டுவிட்டு, ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் பக்கத்தையோ பயிற்சிப் பக்கத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓப்பன்ஸ்டாக் வேறு மாதிரி. 2010இல் ராக்ஸ்பேஸும் நாசாவும் சேர்ந்து தொடங்கிய திட்டம், அதற்கென்று சொந்த வழக்கங்கள் உண்டு. கிட்ஹப்பில் இருப்பது வெறும் நகல், அங்கே புல் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பயனில்லை. ரிவ்யூ எல்லாம் கெரிட் என்ற கருவியில் நடக்கும், ஆவணங்கள் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் வடிவில், அதை இணையப் பக்கமாக்கும் ஸ்பிங்க்ஸ் கருவிக்காக எழுதப்பட்டவை, பெரும்பாலும் ஒவ்வொரு உட்திட்டத்தின் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கும். கிட்ஹப் பழகியவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை: கெரிட்டில் ரிவ்யூவர் மாற்றம் கேட்டால் புதிதாக இன்னொரு கமிட் (மாற்றப் பதிவு) போடக் கூடாது, இருக்கும் கமிட்டையே அமெண்ட் செய்து, அதாவது திருத்தி, மறுபடி அனுப்ப வேண்டும். கமிட் செய்தியின் அடியில் இருக்கும் மாற்ற அடையாள வரியைத் தொடாமல் விட்டால்தான் இது அதே மாற்றத்தின் இரண்டாம் பதிப்பு என்று கெரிட்டுக்குப் புரியும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், கிட்ஹப்பில் இருக்கும் திட்டம் முதல் முறைக்கு வசதி. இனி சொல்வதெல்லாம் குபர்நெட்டிஸை மனதில் வைத்துத்தான், மற்ற திட்டங்களிலும் பெரிய மாற்றம் இருக்காது.

ஒப்பந்தத்தை முதலில் முடியுங்கள்

ஆர்வமாக எழுதி அனுப்பிவிட்டு, சிவப்பு எக்ஸ் குறியைப் பார்த்து மனம் தளர்ந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் எழுத்தில் இருக்காது, பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில்தான் இருக்கும். குபர்நெட்டிஸில் சிஎல்ஏ எனப்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், ஈஸிசிஎல்ஏ என்ற கருவி உங்கள் முதல் புல் ரிக்வெஸ்டிலேயே அதற்கான இணைப்பைத் தரும். தனி ஆளாகப் பங்களித்தால் சில நிமிட வேலை. அலுவலக நேரத்தில், அலுவலகத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் நிறுவனத்தின் சார்பில் யாராவது கையெழுத்திட்டிருக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கையெழுத்திட்ட பிறகும் சிவப்பாகவே இருந்தால் உங்கள் கணினியில் கிட் அமைப்பில் இருக்கும் மின்னஞ்சலும் கிட்ஹப் கணக்கில் இருக்கும் மின்னஞ்சலும் ஒன்றுதானா என்று பாருங்கள், பத்தில் எட்டு முறை அங்கேதான் சிக்கல் இருக்கும். ஹெல்ம், ப்ரோமீதியஸ் போன்ற திட்டங்களில் சிஎல்ஏவுக்குப் பதிலாக டிசிஓ முறை. அதில் ஒவ்வொரு கமிட்டிலும் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒப்புதல் வரி ஒன்று இருக்க வேண்டும், கமிட் செய்யும்போது சைன்-ஆஃப் விருப்பத்தைக் கொடுத்தால் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

எழுதுவது

எழுத்துப் பிழை, உடைந்த இணைப்பு, ஒரு வரிச் சேர்க்கை என்றால் எதையும் கணினியில் இறக்க வேண்டாம், கிட்ஹப்பின் இணையத் திருத்தியிலேயே செய்துவிடலாம், ஃபோர்க்கையும் (உங்கள் கணக்கில் ஒரு நகல்) ப்ராஞ்சையும் (அதில் ஒரு தனிக் கிளை) அதுவே உருவாக்கிக்கொள்ளும். குபர்நெட்டிஸின் ஆவணக் களஞ்சியம் பெரியது, பல மொழிகளின் ஆவணங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன, ஒரு வரிக்காக முழுவதையும் இறக்குவது வீண் வேலை. பெரிய மாற்றம் என்றால் ஃபோர்க் செய்து, க்ளோன் செய்து (கணினியில் இறக்கி), தனி ப்ராஞ்ச் எடுத்து, தளத்தை உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். டாக்கர் என்ற கண்டெய்னர் கருவி இருந்தால் களஞ்சியத்தின் ரீட்மி கோப்பு சொல்லும் மேக் (make) கட்டளைகள் போதும், தளத்தைக் கட்டும் ஹியூகோ கருவி ஓடி 1313 என்ற போர்ட்டில் முழுத் தளமும் வந்துவிடும்.

கோப்பைத் திறந்தால் சாதாரண மார்க்டவுனுக்கு நடுவே இரட்டைச் சுருள் அடைப்புக்குறிகளுக்குள் ஏதேதோ இருக்கும். அவை ஹியூகோவின் குறுங்குறிகள்: கலைச்சொல் மேல் சுட்டியை வைத்தால் விளக்கம் காட்டுவது, குறிப்புப் பெட்டி போடுவது, பதிப்பு எண்ணைத் தானாக நிரப்புவது, இப்படிப் பலவற்றுக்கு. புரியாத வரையில் அவற்றைத் தொடாதீர்கள். கோப்பின் உச்சியில் இரண்டு கோடுகளுக்கு இடையே இருக்கும் பகுதியையும் தலைப்பைத் தவிர அப்படியே விட்டுவிடுங்கள்.

நடை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலம் சுமார்தான் என்று தயங்கி நிற்பவர்கள் நம்மில் அதிகம். குபர்நெட்டிஸின் நடைக் கையேட்டைப் படித்தால் அந்தத் தயக்கம் பாதி குறைந்துவிடும். அது கேட்பது அலங்கார ஆங்கிலம் அல்ல. நிகழ்காலத்தில் எழுது, செய்வினையில் எழுது, படிப்பவரை நீங்கள் என்று நேராக அழை, நாம் என்று எழுதாதே, ஏனென்றால் அந்த நாமில் படிப்பவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. லத்தீன் சுருக்கங்கள் வேண்டாம், மரபுத்தொடர்கள் வேண்டாம். சுருக்கமாகச் சொன்னால், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவருக்கும் புரிகிற மாதிரி எழுதச் சொல்கிறது, அப்படிப் படிப்பவர் எங்கே தடுக்கி நிற்பார் என்பது நமக்குத்தான் நன்றாகத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: சும்மா, எளிதாக, சுலபம் என்ற பொருளில் வரும் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. இரண்டு மணி நேரமாகச் சிக்கிக் கிடப்பவரிடம் போய் இது சுலபம் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்!

கட்டளைகளுக்கும் விதிகள் உண்டு. கட்டளைக்கு முன்னால் டாலர் குறி போடக் கூடாது, போட்டால் நகலெடுத்து ஒட்டுபவருக்கு அதுவும் சேர்ந்து வந்து பிழை தரும். கட்டளையும் அதன் வெளியீடும் ஒரே பெட்டிக்குள் இருக்கக் கூடாது, தனித்தனியாக இருக்க வேண்டும். கையேட்டில் இருக்கிறதோ இல்லையோ, என் விதி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் ஓட்டிப் பார்க்காத கட்டளையை எழுதாதீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு வாங்கிய கட்டளை பார்க்க அழகாக இருக்கும், இல்லாத விருப்பக்குறிகூட அதில் அழகாகத்தான் இருக்கும். ஒரு வெற்றுக் கிளஸ்டரில் (குபர்நெட்டிஸ் ஓடும் கணினிக் கூட்டத்தில்), முதல் படியிலிருந்து, நகலெடுத்து ஒட்டி ஒட்டியே கடைசி வரை வர முடிகிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனையில்தான் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருந்ததால் கண்ணில் படாமல் போன முன்தேவைகள் வெளியே வரும்.

இன்னொன்று: ஒரு சொல்லைத் திருத்தும்போது, வரிகள் கோணலாகத் தெரிகின்றனவே என்று பத்தி முழுவதையும் மறுபடி மடித்து அடுக்காதீர்கள். மாறிய வரிகளைக் காட்டும் வித்தியாசப் பார்வையில் பத்து வரியும் மாறியதாகக் காட்டும், ரிவ்யூவருக்கு உண்மையில் எது மாறியது என்று தெரியாது. மற்ற மொழிகளில் மொழிபெயர்ப்பவர்கள் அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் தங்கள் பக்கத்தைப் புதுப்பிக்கிறார்கள், அவர்கள் நேரமும் வீணாகும்.

அனுப்புவது, காத்திருப்பது

புல் ரிக்வெஸ்டின் விளக்கத்தில் மூன்று விஷயங்கள் போதும்: என்ன தவறாக இருந்தது, அது தவறு என்று எப்படித் தெரிந்தது, என்ன மாற்றினீர்கள். நடுவில் இருப்பதுதான் முக்கியம். இந்தப் படியை இந்தப் பதிப்பில் ஓட்டினேன், இந்தப் பிழை வந்தது என்று எழுதிவிட்டால் ரிவ்யூவர் தானே போய்ச் சோதிக்க வேண்டிய வேலை பாதியாகக் குறையும். இஷ்யூ எண்ணை, அதைத் தானாக மூடவைக்கும் சொல்லுடன் குறிப்பிடுவதாக இருந்தால் இந்த விளக்கத்தில் குறிப்பிடுங்கள், கமிட் செய்தியில் அல்ல. கமிட் செய்தியில் அப்படிச் சொன்னாலோ யாருடைய பெயரையாவது அட் குறியுடன் போட்டாலோ குபர்நெட்டிஸின் தானியங்கி, செய்தி செல்லாது என்று முத்திரை குத்திவிடும்.

அனுப்பியதும் அந்தத் தானியங்கி, ப்ரௌ என்று பெயர், வரிசையாக முத்திரைகளை ஒட்டத் தொடங்கும். பயப்பட வேண்டாம். புதியவர் என்பதால் சோதனை ஓட அனுமதி வேண்டும் என்று ஒரு முத்திரை வரலாம், உறுப்பினர் ஒருவர் வந்து அனுமதிப்பார், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் நெட்லிஃபை என்ற சேவை உங்கள் மாற்றத்துடன் சேர்த்துக் கட்டிய தளத்தின் முன்னோட்ட இணைப்பைத் தரும். அதைத் திறந்து உங்கள் பக்கத்தை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படியுங்கள், பட்டியல் எண்கள் நடுவில் மறுபடி 1 என்று தொடங்கியிருப்பது, நிரல் பெட்டி மூடாமல் பக்கம் முழுக்க ஓடியிருப்பது எல்லாம் இங்கேதான் தெரியும்.

மெர்ஜ் ஆக இரண்டு முத்திரைகள் வேண்டும். எல்ஜிடிஎம் என்றால் எனக்குச் சரியாகப் படுகிறது என்று ஒருவர் சொன்னது, அப்ரூவ்டு என்றால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் ஒப்புக்கொண்டது. இரண்டும் வந்து, தடைகள் எதுவும் இல்லை என்றால் தானியங்கியே மெர்ஜ் செய்துவிடும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தானை யாராவது அழுத்துவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

ரிவ்யூவில் வரும் குறிப்புகளைப் பற்றி ஒன்று. நிட் என்று தொடங்கினால் அது சின்ன விஷயம், செய்தால் நல்லது என்ற அளவில்தான். கேள்வியாக வந்தால் பெரும்பாலும் அது உண்மையான கேள்வி, பதில் சொல்லுங்கள், உடனே மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. நீங்கள் சோதித்துப் பார்த்ததில் அவர் சொல்வது சரிவரவில்லை என்றால் சோதனையின் முடிவைப் போட்டு மரியாதையாகச் சொல்லுங்கள், நல்ல ரிவ்யூவர் மகிழத்தான் செய்வார். இரண்டு மூன்று சுற்றுப் போனால் கமிட்டுகள் சேர்ந்துவிடும், அவற்றை ஒன்றாகச் சேர்க்கச் சொல்வார்கள். கிட்டின் ரீபேஸ் கட்டளையால் சேர்த்துவிட்டு உங்கள் ப்ராஞ்சின் மேல் வலுக்கட்டாயமாகத் தள்ள (ஃபோர்ஸ் புஷ்) வேண்டியிருக்கும். அதில் பயம் என்றால், தள்ளுவதற்கு முன் அந்த ப்ராஞ்சுக்கு வேறொரு பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், என்ன ஆனாலும் திரும்பி வரலாம்.

பதில் வராமலும் போகும். ரிவ்யூ செய்பவர்கள் பலர் சொந்த நேரத்தில்தான் செய்கிறார்கள். குபர்நெட்டிஸில் வாரம் ஒருவர் என்று முறை வைத்து வரும் புல் ரிக்வெஸ்டுகளை மேய்ப்பார்கள், ஆனாலும் வரிசை நீளம். ஒரு வாரம் பார்த்துவிட்டு, திட்டத்தின் ஸ்லாக் அரட்டையில் ஆவணக் குழுவின் சேனலில் இணைப்பைப் போட்டு ஒருமுறை கேளுங்கள். தனி ஆளுக்குத் தனிச்செய்தி அனுப்புவதைத் தவிர்த்துவிடுங்கள், பொதுவில் கேட்டால்தான் நேரம் இருக்கும் யாராவது எடுப்பார்கள்.

எதைச் செய்யக் கூடாது என்பதற்கு 2020 அக்டோபரைச் சொல்ல வேண்டும். புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் சட்டை பரிசு தந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வுக்காக ரீட்மி கோப்பில் ஒரு பெயரடை சேர்த்து, ஒரு காற்புள்ளி நீக்கி, ஆயிரக்கணக்கில் புல் ரிக்வெஸ்டுகள் குவிந்தன. பராமரிப்பாளர்கள் மூச்சுத் திணறிப்போய், நடத்துபவர்கள் நடுவிலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களில் மட்டும் கணக்கு என்று சொல்ல வேண்டி வந்தது. எழுத்துப் பிழை திருத்துவது தவறே இல்லை, ஒரு பக்கத்தில் ஐந்து பிழை இருந்தால் ஐந்தையும் ஒரே புல் ரிக்வெஸ்டில் திருத்துங்கள். ஐந்து புல் ரிக்வெஸ்டாகப் பிரித்து அனுப்பினால் எண்ணிக்கை கூடும், உங்கள் பெயரைப் பார்த்ததும் ரிவ்யூவருக்குச் சலிப்பும் கூடும்.

நீங்களாகச் சிக்கிய பக்கம் எதுவும் இல்லை என்றால் புதியவர்களுக்கு ஏற்றது என்று முத்திரையிட்ட இஷ்யூக்களைத் தேடலாம். ஆனால் அவற்றுக்குப் போட்டி அதிகம், சில மணி நேரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள். பல மாதமாகத் திறந்தே கிடக்கும் பழைய இஷ்யூ ஒன்றை எடுத்து, இந்தப் பிரச்சினை இப்போதைய பதிப்பில் இன்னும் இருக்கிறதா என்று சோதித்து முடிவை அதில் எழுதுங்கள். இல்லை என்றால் அதை மூடலாம், இருக்கிறது என்றால் அதையே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், இரண்டில் எதுவானாலும் குழுவுக்கு ஒரு வேலை குறையும். மொழிபெயர்ப்பில் ஆர்வம் என்றால் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு வாருங்கள். தன் புல் ரிக்வெஸ்டைத் தானே ஒப்புக்கொள்ள முடியாது என்பதால் குபர்நெட்டிஸில் ஒரு புதிய மொழியைத் தொடங்கக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

மெர்ஜ் ஆனதும் சில நிமிடங்களில் உங்கள் வரி தளத்தில் ஏறிவிடும், போய்ப் பாருங்கள். அப்புறம் அந்தப் பழைய ப்ராஞ்சை அழித்துவிட்டு, மூலக் களஞ்சியத்தின் மெயின் ப்ராஞ்சை உங்கள் ஃபோர்க்குக்குள் இழுத்துக்கொண்டு, அடுத்த திருத்தத்துக்கு அங்கிருந்தே புது ப்ராஞ்ச் எடுங்கள். பழையதிலிருந்தே தொடர்ந்தால் போன முறை போட்ட கமிட்டுகளும் புது புல் ரிக்வெஸ்டில் வந்து ஒட்டிக்கொள்ளக்கூடும்.